இரண்டு தட்டு இடைவெளி

மடல் இல. 3
2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.20
பதுளை

1. விடயம்: ஏழாம் லயத்துச் சூசை பெரட்டுக்கு வராமற்போனது தொடர்பாக

நண்பா,

என் மேசையெங்கும் கருவாட்டு வாசம். வெள்ளிக்கிழமை முற்பகல் 11.10க்கு மன்னாரிலிருந்து பதிவுத் தபாலில் வந்த பொதிதான் காரணம். உள்ளே விரல் நீளமுள்ள ஒரு பென் டிரைவ் இருந்தது. அது உடைந்துவிடக் கூடாது என்று அரை கிலோ கருவாட்டின் நடுவே புதைத்து அனுப்பியிருக்கிறார்கள். உறையின் மேலிருந்த முத்திரையில் நாள் தெளிவாக இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபின் பதினொன்று என்று தீர்மானித்தேன். முப்பத்தொன்பது ஆண்டுகள் தபால் சேவையில் இருந்தவன், அதைக் கவனிக்காமல் பொதியைப் பிரிக்க மனம் வரவில்லை. "முத்திரைய அப்புறம் பாருய்யா, உள்ள என்ன இருக்குன்னு பாரு" என்று நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய்.

பார்த்தேன். கேட்டேன். ஒன்பது முறை கேட்டேன். மூன்று நாளாக எனக்கு நிலைகொள்ளவில்லை. இதற்கு முன் உனக்கு எழுதிய இரண்டு மடல்களிலும் உன்னோடு வழக்காடியிருந்தேன். இந்த மூன்றாவதில் வழக்கு முடிகிறது. நீ வென்றாய். எப்படி என்று வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை, உன் மகள் புனிதா நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றை என்னிடம் கொண்டுவந்தாள். "மாமா, ஹிப்ஹொப் அல்பம் ஒண்ணு செய்றோம். 'ஆறாம் நம்பர் மலை'ன்னு பேரு. எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்றாள். கூடவே அல்பத்தில் போடுவதற்கு என் பதுளை விலாசத்தையும் கேட்டாள். உங்கள் லயத்துக் காம்பரா வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்ட அலுவலகத்துக்கு வரும் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அதன் அவசரம் போய்விடும். விலாசம் கொடுத்தேன். எழுத்துப் பிழையோடு நிறுத்தியிருக்கலாம். சிவப்பு மையால் அறுபத்து மூன்று இடங்களில் சொற்களையே மாற்றினேன். லயம் என்றிருந்ததைத் 'தொடர்குடியிருப்பு' ஆக்கினேன். கங்காணி 'மேற்பார்வையாளர்' ஆனார். முதற்பாட்டின் தலைப்பான 'பெரட்டு', 'தொழிலாளர் அணிவகுப்பு' என்று மாறியது.

எனக்கு நியாயம் இருந்ததாகவே நினைத்தேன். ஓர் இசைத்தொகுப்பு ஊர் விட்டு ஊர் போக வேண்டுமானால் எல்லா ஊருக்கும் பொதுவான சொல் வேண்டாமா? தேயிலை மலையைக் கண்ணால் கண்டிராதவனுக்குப் பெரட்டு என்றால் என்ன விளங்கும்? விடியற்காலையில் தப்படித்து ஆட்களைக் கூட்டி, களத்தில் நிற்கவைத்து, பெயர் கூப்பிட்டு, இன்று எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடும் அந்தச் சடங்கு அவனுக்கு எப்படித் தெரியும்? உன்னிடம் அப்படித்தான் கேட்டேன். "மன்னாருல இருக்கவனுக்கு இது விளங்குமாய்யா?"

நீ பீடியை அணைத்துவிட்டுச் சொன்னாய்: "வெளங்காட்டி கேப்பான். கேக்க வைக்கிறதுதான பாட்டு."

புனிதா என் மேல் வைத்திருந்த மரியாதையால் என் சொற்களையே பாடிப் பதிவுசெய்தாள். நீ அதை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 23 அன்று என்னையும் இழுத்துக்கொண்டு கொஸ்லந்த பஸ்ஸில் ஏறினாய். பாட்டுக்குப் பரீட்சை பஸ்ஸில்தான் என்பது உன் கட்சி. கண்டக்டர் உனக்குப் பழக்கமானவர். போட்டார். தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டும் அறையில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நீ. அந்த உருளையின் சத்தத்தைக் கைபேசியில் பிடித்துவந்து அதன் மேல் தப்பு அடித்திருந்தாய். அது ஒலித்தபோது இரண்டொரு தலைகள் ஆடின. பிறகு என் சொற்கள் வந்தன. ஆடிய தலைகள் நின்றன. கண்டக்டர் திரும்பிப் பார்த்து உரக்கவே கேட்டார்: "அண்ணே, இது நியூஸ்தானே? காலநிலை எப்ப வரும்?"

ஹாலிஎல வரும்வரை நீ சிரித்தாய். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது என் தோளில் கைபோட்டு, "கோவிச்சுக்காத போஸ்ட்டு. ஊர் பேர எடுத்துட்டா பாட்டு எந்த ஊருக்கும் போகாது" என்றாய். அறுபத்து மூன்று திருத்தங்களும் நீக்கப்பட்டன. அதுவரை எனக்கு வருத்தம்தான், கோபம் இல்லை.

கோபம் டிசம்பர் 9ஆம் தேதி வந்தது. ஹாலிஎல தேநீர்க் கடையில், மாலை 4.15 இருக்கும். 'பெரட்டு'ப் பாட்டுக்கு நீயே பெயர் கூப்பிட்டுக் குரல் கொடுத்திருந்தாய். பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஆளே தன் குரலில் பதில் சொல்லியிருந்தார். இருபதாவது பெயரை நீ என்னிடம் கேட்காமலே கூப்பிட்டிருந்தாய். 'ஏழாம் லயத்து சூசை.'

அந்தப் பெயரை நான் கடைசியாகக் கேட்டது 1966 டிசம்பர் விடுமுறையில். பதினைந்து வயதில், பதினொரு நாள் உன்னோடு புல்வெட்டப் போனேன். பதினொரு காலையும் அந்தப் பெயருக்குக் குரல் கொடுத்தேன். அதற்குப் பின் படிப்பு, பரீட்சை, தபால் திணைக்களம், பதுளை. எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'தெமோதரை' என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். பொய் இல்லை. நீயும் நானும் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள் என்பது நகரத்தில் ஒருவருக்கும் தெரியாது. நீயும் யாரிடமும் சொன்னதில்லை. பார்க்க வேண்டுமென்றால் நீயே மலையிறங்கி வந்தாய், நான் ஏறியதில்லை. ஏன் என்று ஒருமுறைகூட நீ கேட்டதில்லை.

"ஒரே ஒரு வார்த்தை. இருக்கேன்னு சொல்லு, போதும்" என்றாய்.

"என்னைய பதுளையில நாலு பேருக்குத் தெரியும்யா."

"என்னன்னு தெரியும்?"

நான் தேநீரைக் கையில் எடுத்தேன். அப்போது சொன்னாய், கடையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி: "நாளு, நேரம், நிமிசம் எல்லாம் கணக்கா எழுதுவ. பொறந்த எடத்த மட்டும் ஏன்யா பாதி எழுதுற?"

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் நாம் பேசவில்லை. நாற்பத்தொரு நாள். 2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, நீ போய்விட்டாய். உன் இறுதி ஊர்வலத்துக்கும் நான் பெரட்டுக்களம் வரையில்தான் ஏறினேன். லயம் வரை வரவில்லை.

'ஆறாம் நம்பர் மலை' அந்த ஏப்ரல் 13ஆம் தேதி வெளியானது. கேட்டேன். உன் குரல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது, ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறார்கள். "ஏழாம் லயத்து சூசை!" என்று நீ கூப்பிட்ட பிறகு உருளைச் சத்தமும் தப்பும் சட்டென்று நின்றுவிடுகின்றன. இரண்டு தட்டு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அடுத்த அடியில் புனிதா பாடத் தொடங்குகிறாள். அந்த வெற்றிடத்தை எனக்குப் போட்ட சூடு என்றே எடுத்துக்கொண்டேன். செத்த பிறகும் விட மாட்டேன் என்கிறானே என்று உன் மேல் எரிச்சலாக இருந்தது.

மே 21, செவ்வாய்க்கிழமை, பண்டாரவளைப் பக்கம் போகும் பஸ்ஸில் அந்தப் பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தலைகள் மட்டுமல்ல, முன் இருக்கையின் கம்பியில் விரல்களும் ஆடின. கொழுந்து எடுத்துவிட்டு ஏறிய ஐந்தாறு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீ என் பெயரைக் கூப்பிட்டாய். சத்தம் நின்றது. அந்த இடைவெளிக்குள் ஒருத்தி, பஸ் முழுக்கக் கேட்க, "எங்கதான் தொலைஞ்சானோ அந்த மனுசன்!" என்றாள். பஸ்ஸே சிரித்தது. இன்னொருத்தி, "கொழும்புக்குப் போயிருப்பான்டி, கோட்டு வாங்க" என்றாள். மறுபடி சிரிப்பு. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

இனித்தான் மன்னார்.

வெள்ளிக்கிழமை அந்த பென் டிரைவை என் வானொலிப் பெட்டியில் செருகினேன். அலைச் சத்தம் வந்தது. அதன் மேல் ஏதோ தகர ஏனத்தில் தட்டும் தாளம். ஒரு பெண் குரல் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனது; அவர்கள் ஊர்ப் பேச்சு, வலை, கரை, காற்றின் பெயர்கள். பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் நண்பா, நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தேன்! விளங்காத சொல்லையெல்லாம் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று பரபரத்தது. நீ சொன்னாயே, கேக்க வைக்கிறது, அது எனக்கே நேர்ந்தது. பிறகு ஒரு முதியவரின் குரல் வலை இழுக்கும் ஆட்களின் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தது. ஒவ்வொருவராகப் பதில். கடைசிப் பெயருக்குப் பின் தகரம் நின்றது. அலையும் நின்றது. இரண்டு தட்டு. கைக்கடிகாரத்தை வைத்து நம் பாட்டோடு ஒப்பிட்டு அளந்தேன். ஒரே அளவு.

கூட வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: "உங்கட பாட்டில ஓராள் வரேல்லத்தானே. ஏன் வரேல்ல எண்டு எங்களுக்குத் தெரியாது. ஆனா அந்த இடத்தில நாங்கள் எங்கட ஆளை நினைச்சனாங்கள். கடலுக்குப் போய் வராத ஆள். அதுக்குப் பிறகுதான் எங்களுக்கும் ஒரு பாட்டுச் செய்ய வேணும் எண்டு வந்தது. பெரட்டு எண்டா என்ன எண்டு மட்டும் எழுதி அனுப்புங்கோ."

உடனே புனிதாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் மூச்சுவிடாமல் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "மாமா, மன்னாரு மட்டும் இல்ல. வெல்லவாய பக்கம் கரும்பு வெட்டுற சிங்களப் பிள்ளைங்க ஒரு பாட்டு போட்டிருக்காங்க. அதுலயும் கடைசிப் பேருக்கு ஆள் இல்ல. மலேசியாவுல ரப்பர்த் தோட்டத்துப் பேரப்பிள்ளைங்க ஒண்ணு செஞ்சிருக்காங்க. அங்கயும் அந்தக் காலத்துல பெரட்டுன்னுதான் சொல்லுவாங்களாம்."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"அந்த எடத்தப் பத்திப் பேசுனாலே உங்க மொகம் மாறுதே மாமா."

அந்த மதியம் நான் சாப்பிடவில்லை. எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு பாட்டு நாலு ஊரில் ஒலிப்பதை மட்டும் செல்வாக்கு என்று சொல்லிவிட முடியுமா? எத்தனையோ பாட்டுகள் எல்லா ஊரிலும் ஒலிக்கின்றன. கேட்டவன் கையைத் தட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுகிறான். மன்னார்க்காரர்கள் நம் மெட்டை எடுக்கவில்லை. உருளைச் சத்தத்தையும் எடுக்கவில்லை. எங்கள் ஊரும் பாட்டில் ஏறத் தகுந்ததுதான் என்ற துணிச்சலை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலை அவர்களுக்குக் கொடுத்தது உன் பிடிவாதம்: ஏழாம் லயம் என்றால் ஏழாம் லயம், அதற்கு வேறு சொல் கிடையாது என்ற பிடிவாதம். இவ்வளவு கெட்டியாக ஒரு மலையில் காலூன்றி நிற்கும் பாட்டைக் கேட்டவன், தன் கால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்கிறான். நான் திருத்திய பாட்டு எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்தது. ஆகையால் ஒருவனையும் குனிய வைக்கவில்லை.

ஆனால் உட்கார ஓர் இடமும் வேண்டும் போலிருக்கிறது. உள்ளே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால்தான் வெளியூர்க்காரன் தன் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியும். 'ஆறாம் நம்பர் மலை'யில் அந்த நாற்காலி நான் உட்கார மறுத்த இடம். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. அறுபத்து மூன்று திருத்தங்கள் செய்தேன், ஒன்றும் தேறவில்லை. வராமற்போனேன், அது கடல் தாண்டிப் போயிருக்கிறது.

நேற்று, சனிக்கிழமை, காலை 7.40 பஸ்ஸில் தெமோதரைக்குப் போனேன். அங்கிருந்து நடை. பெரட்டுக்களத்தில் சற்று நின்று மூச்சு வாங்கினேன். பிறகு நிற்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது அந்தப் படிகளில் ஏறி. உன் வீட்டு வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பராப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புனிதா, யாரோ பெரியவரு வந்திருக்காரு. ஒங்க சொந்தமா?"

புனிதா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"ஏழாம் லயத்து சூசை" என்றேன்.

அந்தப் பெண்ணின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "அட! பாட்டுல வராத ஆளு நீங்கதானா? எங்க போயிருந்தீங்க இம்புட்டு நாளா?"

"பதுளைக்கு."

"பதுளைக்கா! இந்தா இருக்க பதுளைக்கா!" அவள் சிரித்த சிரிப்பில் நாலு காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "நான் மலேசியாவுக்குப் போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்" என்றார். தேநீர் வந்தது. இந்தத் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பின்பக்க அறையில் நாலு சுவரிலும் கம்பளி தொங்கவிட்டு ஒலிவாங்கி வைத்திருக்கிறாள் உன் மகள். உட்காரச் சொன்னாள். மன்னார், வெல்லவாய, மலேசியா எல்லாரும் சேர்ந்து ஒரு புதிய 'பெரட்டு' செய்யப்போகிறார்களாம். "இதுலயாவது பதில் சொல்றீங்களா மாமா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு ஐயம் எழுந்தது. எழாவிட்டால் நான் நானா? "அந்த எடத்த நான் நிரப்பிட்டா, மத்தவங்க அவங்க ஆளை எங்கம்மா வைப்பாங்க?" என்றேன்.

"பழைய பாட்டு அப்படியே இருக்கும் மாமா. அத யாரும் தொட மாட்டோம். அப்பா சொன்னது அது."

"அப்பா என்ன சொன்னான்?"

அப்போதுதான் அது வெளியே வந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில் அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள், மாமாதான் வர மாட்டேன்னுட்டாரே, அந்தப் பேர வெட்டிரவாப்பா என்று. நீ சொன்னாயாம்: "வெட்டாத. எடத்த விட்டு வை. வருவான்."

"ஏம்மா இத என்கிட்ட அப்பவே சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"கேட்டேன் மாமா, போயிச் சொல்லவான்னு. 'நான் கூப்பிட்டாச்சு. இனி யாரும் கூப்பிட வேண்டியதில்ல'ன்னாரு."

பதினொரு மாதமாக அதைச் சூடு என்று சுமந்தேனே நண்பா! நாளும் நிமிடமும் சரியாக எழுதுகிறவன், இரண்டு தட்டு நேரத்தை இவ்வளவு தப்பாகப் படித்திருக்கிறேன். நீ கோபத்தோடு போகவில்லை. எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், பஸ்ஸில் கைக்குட்டை போட்டு வைக்கிற மாதிரி.

ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். உருளை சுழன்றது. தப்பு விழுந்தது. பத்தொன்பது பெயர்கள் போயின. பிறகு என் காதுக்குள்ளேயே நீ, "ஏழாம் லயத்து சூசை!"

"உள்ளேன்" என்றேன்.

புனிதா ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, இது பள்ளிக்கூடம் இல்ல!" இரண்டாம் முறை நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன், அதற்குள் தட்டு கடந்துவிட்டது. மூன்றாம் முறை இருமல். நான்காம் முறை, முற்பகல் 10.32க்கு, நீ கூப்பிட்டதும் யோசிக்காமல் வாயில் வந்தது: "இருக்கேன்யா."

அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒன்று கேட்டேன். புதிய பாட்டில் இருபதோடு நிறுத்த வேண்டாம், இருபத்தோராவது பெயர் ஒன்று இருக்கிறது, அதை நான் கூப்பிடுகிறேன் என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றேன். பெரட்டில் உட்கார்ந்துகொண்டு யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. லயத்து எண், உன் அப்பா பெயர், உன் பெயர், மூன்றையும் முழுதாகக் கூப்பிட்டேன். எதையும் பாதியில் விடவில்லை. ஒரே முறையில் சரியாக அமைந்தது.

இந்த உறையில் உன் விலாசம் எழுதவில்லை, முத்திரையும் ஒட்டவில்லை. அப்படிப்பட்ட தபாலை என்ன செய்வது என்று விதி இருக்கிறது: அனுப்பியவருக்கே திரும்பும். அனுப்பியவர் பகுதியில் பதுளை விலாசத்துக்கு மேலே இந்த முறை இன்னொரு வரியும் எழுதியிருக்கிறேன்: பிறந்த இடம், ஏழாம் லயம், தெமோதரை.

இப்படிக்கு,
சூசை

இணைப்புகள்:

1. மன்னாரிலிருந்து வந்த கடிதத்தின் பிரதி. மூலப்பிரதியில் கருவாட்டு எண்ணெய் பட்டிருப்பதால் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

2. அவர்களுக்கு நான் எழுதிய பதிலின் பிரதி. பெரட்டு என்றால் என்ன என்று நான்கு பக்கத்தில் விளக்கியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் நாலு வரியில் முடித்திருப்பாய்.

3. புனிதாவின் கொப்பி. அறுபத்து மூன்று சிவப்புத் திருத்தங்களையும் நானே நீல மையால் அடித்திருக்கிறேன். அறுபத்து நாலாவதாக அவள் விட்ட ஓர் ஒற்றெழுத்தை மட்டும் சேர்த்தேன், மன்னித்துக்கொள்.

4. என் குரல். ஒரு சொல்.

5. உன் பெயர், என் குரலில். அதற்குப் பின் இரண்டு தட்டு. அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.